அத்தானுக்கு, நாய்கள் ஏலம் போன விவரம்

உதியன்குளங்கரை,
சனிக்கிழமை காலை.

கோயம்புத்தூரில் மகன் ஜாய் வீட்டில், கர்த்தருடைய காவலில் சுகமாயிருக்கும் மரியாதைக்குரிய அத்தான் வேதமாணிக்கம் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஈசாக் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவிக்கும் கடிதம். இங்கே நானும், கோட்டுகாலில் உங்கள் மகள் ஜிஜாவும், உங்கள் நிலமும் சுகம். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும் அக்காள் சுகிர்தபாயின் முட்டுவலியும் குறைந்திருக்கும் என்று விசுவாசிக்கிறோம். மழை இந்த வருஷம் கொஞ்சம் கூடுதல். மரச்சீனிக் கிழங்கு கொள்ளாம், நல்ல விளைச்சல்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அங்கன்வாடி டீச்சர் லிஷா எழுதுகிறாள். நான் சொல்லுவதை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னேன், அத்தான். "நாய்" என்று சொன்ன உடனே வைத்துவிட்டீர்கள். மறுபடியும் விளித்து, நாய் என்று சொல்லாமல் "அந்த ஜீவன்கள்" என்று மரியாதையாகச் சொன்னேன், அதற்கும் வைத்துவிட்டீர்கள். கடிதம் ஆனால் நீங்கள் மேசையில் போட்டாலும் அங்கேயே கிடக்கும், அக்காள் எடுத்து உரக்கப் படிப்பாள், நீங்கள் குளிமுறிக்குள் போனாலும் கேட்கும். அதனால் இந்தப் பணி.

நம்ம சபைக்காரன் பொன்னையன் உங்களுக்குப் போன் செய்து சொன்னது ரெண்டு காரியம். ஈசாக் சபை முற்றத்தில் நாயை ஏலம் விட்டான் என்பது ஒண்ணு. ஜீப்பில் வந்த நாயைவிட திரும்பிப் போன நாய் கூடுதல் என்பது ரெண்டாவது. ரெண்டும் உள்ளதுதான். ஆனா உள்ளதை முன்னும் பின்னும் இல்லாம நடுவில மட்டும் அறுத்துச் சொன்னா அது பொய்யைவிட மோசம், கேட்டியளா. நான் தொடக்கத்தில இருந்து சொல்லுதேன். எனக்கும் இதில தப்பு எந்த இடத்தில நுழைஞ்சது என்னு இன்னும் பிடி கிட்டல்ல. சொல்லி வரும்போ கிட்டினாலும் கிட்டும்.

ஓணத்துக்குப் பொறவு நீங்க ஜிஜாகிட்ட என்ன சொன்னிய? "நீ ஆதரவில்லாத நாயை எல்லாம் பொறுக்கி எனக்க நிலத்தில கொண்டு சேக்குத. அறுப்பின் பண்டிகை கழிஞ்சு ஜாய் வந்து எண்ணுவான். பத்துக்கு மேல ஒண்ணு நின்னாலும் நிலத்தை அந்த லாறி ஆளுக்கு வாடகைக்குக் குடுத்திருவேன்" என்னு. இதுதானே? துறைமுகத்துக்குப் போற லாறி நிறுத்த இடம் தேடி நடக்குத அந்த ஆளு, நீங்க முடிவு சொல்லுகதுக்கு முன்னயே வந்து கயிறு பிடிச்சு அளந்து, நாய்க் கூட்டுக்கு நடுவில எல்லைக்கு நாலஞ்சு மரக்குத்தியும் அடிச்சிட்டுப் போனான். ஜிஜா அதைப் பிடுங்கல்ல. அப்பன் சொல்லாம பிடுங்கப்படாது என்னு இருந்தா. ஒவ்வொரு நாயும் காலத்த முதல் வேலையா அந்தக் குத்திக்குப் பக்கத்தில போய் காலைத் தூக்கிட்டு வரும். அது நாயுக்க தீர்மானம், ஜிஜாக்க இல்ல.

அப்பம் அங்க இருபதுக்கு மேல நின்னுது. பத்தாக்கணும். அவ எங்கிட்ட வந்தா. அழல்ல, அழுதிருந்தா எனக்கு எளுப்பமா இருந்திருக்கும்.

"மாமா, துட்டு கொஞ்சம் கிட்டினா தீனிக்கும் ஊசிக்கும் ஆவும். ஆனா அதைவிட பெரிசு வீடு. ஒரு நாய்க்கு ஒரு வீடு. பண்டிகைக்கு ஏலம் கழியும்போ மைக்கில ஒரு வார்த்தை சொல்லுவியளா?"

"சொல்லுகேன் மக்கா. விலை என்ன?"

"விலை இல்ல மாமா. சும்மாதான்."

"சும்மா குடுத்தா நம்ம ஊரில எவன் மேடிப்பான்? வல்ல தீனமோ நோயோ காணும் என்னு சந்தேகப்படுவான்."

"சும்மா என்னு சொன்னாலும் வந்தவன் கையில எல்லாம் குடுக்க மாட்டோம். வீட்டைப் போய்ப் பாப்போம். மதில் உண்டா, மழை நனையுமா, நாள் பூரா சங்கிலியில போடுவாவளா எல்லாம் கேப்போம். கையெழுத்தும் மேடிப்போம். இதுக்குத் தத்து என்னு பேரு."

அத்தான், எனக்குத் தலை சுத்திப் போச்சு. விலை வாங்காம குடுக்குதது தானம். வீடு பாத்து, ஆளு விசாரிச்சுக் குடுக்குதது கல்யாணம். கையெழுத்து மேடிச்சுக் குடுக்குதது நிலம். இது மூணும் சேந்த ஒரு காரியத்தை நான் இத்தனை காலத்தில கண்டதில்ல. பொறவு அவ ஒண்ணு கூடச் சொன்னா. துபாயில ஒரு அம்மை ஒரு நாயைத் தத்து எடுத்திருக்குதாளாம், ஆனா நாய் கோட்டுகாலில்தான் நிக்குதாம். அந்த அம்மை மாசாமாசம் தீனிக்கு அனுப்புவாளாம், ஞாயிற்றுக்கிழமை போனில அதுக்க முகத்தைப் பாப்பாளாம். அதே நாய்க்கு பெங்களூரில வேற ஒரு அப்பனும் உண்டாம். "அவிய ரெண்டு பேருக்கும் தங்களுக்குள்ள தெரியுமா?" என்னு கேட்டேன். "மாமா, நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம், மைக்கில ஒரு வார்த்தை போதும்" என்னு சொல்லிட்டுப் போனா. யோசிக்காண்டாம் என்னு சொன்னதால நானும் யோசிக்கல்ல. இதை நீங்க குறிச்சு வையுங்க.

இந்த இடத்தில லிஷா பேனாவை நிறுத்திட்டு, நம்ம ஏலம் என்ன முறை என்னு கேக்குதா. அவ கல்யாணம் கழிஞ்சு வடக்க இருந்து வந்தவ, அவளுக்க ஊரில இது இல்லையாம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் அவளுக்காகச் சொல்லுதேன், பொறுத்துக்கொள்ளணும். விளைஞ்சதில ஒரு பங்கு, வாழைக்குலையோ சேனையோ சேவலோ, ஆளாளுக்குச் சபைக்குக் கொண்டு வந்து வைப்பாவ. ஆராதனையும் சோறும் கழிஞ்சு முற்றத்தில வச்சு நான் விளிப்பேன். கூடுதல் கேட்டவனுக்குச் சாமான். அவன் அதை வீட்டுக்குக் கொண்டு போலாம், தப்பில்ல. ஆனா ஊரில பேரு உள்ளவன் கொண்டு போவ மாட்டான். கையை உயத்தி "சபைக்கே திருப்பி வச்சாச்சு" என்னு சொல்லுவான். எல்லாரும் கைதட்டுவாவ. அந்தக் குலையை நான் மறுபடியும் விளிப்பேன். ஒரு குலை நாலு ஆளுக்குப் போய் நாலு தரம் திரும்பி வந்தா, அந்த வருஷம் நல்ல பண்டிகை. எவன் எதை எவ்வளவுக்குக் கேட்டான் என்னு நான் ஒரு பேப்பரிலயும் குறிச்சதில்ல. தலையில நிக்கும். றோட்டுக்கு முதல் தார் போட்ட வருஷம் பொன்னையனுக்க தகப்பன் ஒரு காச்சில் கிழங்குக்கு எவ்வளவு கேட்டான் என்னு இப்பம் கேட்டாலும் சொல்லுவேன். அவன் அதைத் திருப்பி வைக்கல்ல, தின்னான். அதுவும் சொல்லுவேன்.

பண்டிகை அன்னைக்கு ஜிஜாவும், அவளுக்க கூட்டுக்காரி ஆர்யாவும் ஒரு ஜீப் நெறய நாயோட வந்தாவ. ஆர்யா மிருக டாக்டருக்குப் படிச்ச பிள்ள, நெய்யாற்றின்கரைக்காரி, நல்ல பிள்ள, ஆனா தமிழில கோபப்பட வராது, கோபம் வந்தா மலையாளம்தான் வரும். முற்றத்து அயனி மரத்துக்குக் கீழ நாயை எல்லாம் குளிப்பிச்சு, கழுத்தில துணியும் கெட்டி நிறுத்தினாவ. தீனமும் வயசும் உள்ள பத்தெண்ணத்தைக் கோட்டுகாலிலேயே விட்டுட்டு, வீடு கிட்டும் என்னு தோணினதை மட்டும் கொண்டு வந்தாவ. பக்கத்தில ஒரு உண்டியல் பெட்டியும் வச்சாவ.

நான் ஏலத்தை முடிச்சு மைக்கை ஜிஜா கையில குடுத்தேன். அவ பேசினா. அன்பு என்னு சொன்னா, பொறுப்பு என்னு சொன்னா, இந்த ஜீவன்களுக்கும் ஒரு வீடு என்னு சொன்னா. நல்ல பேச்சு. ஆனா ஒருத்தனும் அசையல்ல, அத்தான். பெண்ணுங்க வந்து "பாவம், பாவம்" என்னு நாயைப் பாத்துச் சொல்லிட்டு ஆட்டோவுக்குப் போனாவ. ஆணுங்க கைலியை மடக்கிக் கெட்டிட்டு தூரத்தில நின்னாவ. மைக்கு சும்மா இரைஞ்சிட்டு நிக்குது. எனக்கு அது பொறுக்காது. மைக்கு முன்ன சத்தம் இல்லாம போனா எனக்குத் தொண்டை அரிக்கும். அவ முகத்தைப் பாத்தேன். அடிச்ச குத்தியை நினைச்சேன். மைக்கைக் கையில மேடிச்சேன்.

"இதா நிக்குதான் செவலைக் கடுவன்! காலு நாலும் ஒழுங்கு, காது ரெண்டும் ஒழுங்கு, குரைச்சா பாறசாலை ஸ்டேஷனில கேக்கும்! ஆரு கேக்குதா முதல்ல?"

பின்னால இருந்து பொன்னையன் தொடங்கினான். "ஓய் ஈசாக்கு, பல்லு உண்டாடே அதுக்கு?"

"உனக்கு உள்ளதைவிடக் கூடுதல் உண்டுலே, கேளு!"

எல்லாரும் சிரிச்சாவ. சிரிச்சதும் போனவனெல்லாம் திரும்பி வந்தான். பொன்னையன் நூறு கேட்டான். நம்ம ஜங்ஷனில வாழைக்குலைக் கடை வச்சிருக்குத சதாசிவன், வருஷா வருஷம் கதலிக்குலை எடுக்க நம்ம ஏலத்துக்கு வாறவன், அவன் இருநூறு கேட்டான். பொன்னையனுக்குப் பொறுக்குமா? ஏறியாச்சு. நான் ஒரு தரம், ரெண்டு தரம் விளிச்சு மூணாம் தரத்தை நீட்டி விளிச்சேன், செவலை பொன்னையனுக்கு. ஜிஜா சிரிச்சா. ஒரு வீடு ஆச்சு என்னு அவளுக்க கண்ணில தெரிஞ்சது. அப்பம் பொன்னையன் நெஞ்சை விரிச்சு எழும்பி நின்னு, கையை உயத்தி, "திருப்பி வச்சாச்சு!" என்னு சொன்னான்.

கைதட்டு என்னா அப்படி ஒரு கைதட்டு.

நான் என்ன செய்ய? திருப்பி வச்சதை மறுபடியும் விளிக்கணும், அதுதானே முறை. விளிச்சேன். சதாசிவன் எடுத்தான், திருப்பி வச்சான். வெள்ளைக்காலியை விளிச்சேன், எடுத்தாவ, திருப்பி வச்சாவ. குட்டி வாலனை விளிச்சேன், மூணு பேரு எடுத்து மூணு பேரும் திருப்பி வச்சாவ. உண்டியலில துட்டு போடப் போட ஒரு குச்சி கொண்டு குத்தி இறக்க வேண்டி வந்தது. ஜிஜா எனக்க சட்டையைப் பிடிச்சு இழுக்குதா.

"மாமா, அவிய வீட்டுக்குக் கொண்டு போவணும்! திருப்பி வைக்கப்படாது!"

"அது எப்படி மக்கா சொல்ல? பொன்னையன் திருப்பி வச்ச பொறவு சதாசிவன் வீட்டுக்குக் கொண்டு போனா, நாளைக்குக் கடையில அவனுக்க மானம் என்னாவும்?"

அந்தப் பக்கம் ஆர்யா, "அப்பூப்பா, லேலம் வேண்டா! ஞங்ஙள் வில்க்கான் வந்ததல்ல!" என்னு கத்துதா. ஏலம் வேண்டாம் தாத்தா, நாங்க விக்க வரல்ல என்னு. நானும் விக்கல்லையே, அத்தான். வித்திருந்தா நாய் போயிருக்காதா?

சரி, இதோட நின்னிருந்தா கொண்டு வந்ததை அப்படியே ஜீப்பில ஏத்தியிருக்கலாம். ஆனா முற்றத்தில நாய் ஏலம் நடக்குது, காணிக்கையா நாயும் எடுக்குதாவ என்னு ஊரில பரவியாச்சு. ஆளுங்க வீட்டுக்கு ஓடினாவ. றோட்டோரம் கெடந்ததும், தொழுவத்தில பெத்துப் போட்டதும், அடுத்தவன் வீட்டில சோறு தின்னு வளந்ததும் எல்லாம் காணிக்கையா வந்து இறங்குது. சரசம்மா ஒரு தள்ளையையும் அதுக்க குட்டிகளையும் பனையோலைக் குட்டையில வச்சு, மேல செம்பருத்திப் பூவும் போட்டுக் கொண்டு வந்தா. அவ அம்பலத்துக்குப் போறவ, நம்ம சபைக்காரி இல்ல. "தெய்வம் எல்லாம் ஒண்ணுதானே அண்ணே" என்னு சொல்லி குட்டையை எனக்க காலில வச்சிட்டு, குட்டையை மட்டும் திரும்ப மேடிச்சிட்டுப் போனா. காணிக்கை என்னு வச்சதை வேண்டாம் என்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. இத்தனை காலமும் சொன்னதில்ல. ஒருத்தன் பழக்கதோஷத்தில ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டு வந்தான். அதையும் விளிச்சேன். எடுத்தவன் திருப்பி வைக்கல்ல, தோளில போட்டு நேரா வீட்டுக்கு நடந்தான், அவனுக்க மானத்துக்கு ஒண்ணும் ஆவல்ல. ஆட்டுக்குப் போவாத மானம் நாய்க்கு ஏன் போவுது? இதை நான் போதகர்கிட்டயும் கேட்டேன்.

அந்தி மயங்கினப்பம் உண்டியல் நெறஞ்சு இருக்குது, அயனி மரத்துக்குக் கீழ நாயும் நெறஞ்சு இருக்குது. ஜிஜா கல்லில இருந்தா.

"மாமா, ஒரு வருஷத்துக்குத் தீனிக்குக் காணும் இது. ஆனா இதைப் போட்டுக் குடுக்க இடம் இருக்காதே. அப்பா எண்ணச் சொன்னது துட்டை இல்லையே."

அப்பம்தான் அத்தான் எனக்கு விளங்கிச்சு. பொன்னையன்கிட்ட ஓடினேன். "எடேய், செவலையை நீ கொண்டு போ. பிள்ளைக்க நிலம் போயிரும்டே."

"வச்சதை எடுக்கவா சொல்லுத?" என்னு அவன் கேட்டான். "எனக்க குடும்பத்தில வச்சதை எடுத்தவன் கிடையாது." காச்சில் கிழங்கு எனக்க நாக்கு வரை வந்தது, விழுங்கிட்டேன். அவன் விடல்ல. "மிச்சம் கெடக்குதது எல்லாம் விளிச்சவனுக்குத்தானே? நீதான் அப்பம் விளிச்ச. கொண்டு போ" என்னு எல்லாரும் கேக்கச் சொன்னான்.

முறை அதுதான். நான் மறுத்துச் சொல்ல முடியாது. விளிச்சு முடிஞ்சு மிச்சம் கெடக்குத சீத்தைக் காயும் அழுகின பூசணிக்காயும் இத்தனை காலம் எனக்க வீட்டுக்குத்தான் வந்தது. அப்படி அந்த நாயெல்லாம் அன்னைக்கு எனக்க வீட்டுப் புரையிடத்துக்கு வந்தது. ஜீப்பும் வந்தது, பின்னால சதாசிவனுக்க குலை வண்டியும் வந்தது. நான் ஒத்தைக்கு இருக்குதவன். என்னைப் பாத்து அத்தனை கண்ணு. நானும் பாத்தேன். தெங்குக்கு ஒண்ணா கெட்டினோம். ஆர்யா ஒரு சாக்கு அரிசியும் இறக்கிட்டு, "அப்பூப்பா பேடிக்கண்டா, நாளை வராம்" என்னு சொல்லிட்டுப் போனா. பயப்படாண்டாம், நாளைக்கு வருவோம் என்னு. நான் பேடிக்கல்ல என்னு சொன்னேன். பேடிச்சேன்.

இனி சொல்லப் போறதை அக்காள் படிக்கும்போ நீங்க கொஞ்சம் பக்கத்தில வந்து கேளுங்க. ஒரு வருஷம் நீங்க நம்ம ஏலத்தில ஒரு கறுப்புச் சேவல் எடுத்தது ஓர்மை உண்டா? சிவந்த கொண்டை, ஒத்தக்காலில வளையம் போட்டது. நீங்க திருப்பி வச்சிய, ஊரே தட்டிச்சு. அதைப் பொறவு ஒருத்தரும் கேக்கல்ல, எனக்க வீட்டுக்கு வந்தது. மறுநாள் வெளுக்க நீங்க தலையில துண்டைப் போட்டு எனக்க பின்வாசலில வந்து, "ஈசாக்கு, அந்தச் சேவல் சும்மா கெடக்குதா?" என்னு கேட்டிய. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்பமும் லிஷாகிட்ட மட்டும்தான் சொல்லுதேன், அவ எழுதாம இருக்க முடியாதே. நான் சொல்ல வந்தது இதுதான். அந்த வழி வந்தது நீங்க மட்டும் இல்ல. பேரு உள்ளவன் எல்லாரும் முற்றத்தில திருப்பி வைப்பான், மறுநாள் பின்வாசல் வழி வருவான். ஊரில எல்லாருக்கும் தெரியும், ஊரில ஒருத்தருக்கும் தெரியாது.

மறுநாள் வெளுக்க பின்வாசலில குடை தெரிஞ்சுது. மழை இல்ல, குடை மட்டும். பொன்னையன்.

"சும்மா இந்த வழி வந்தேன்டே."

"இந்த வழி எனக்க சாணிக்குழிக்கு மட்டும்தானேடே போவும்."

"அந்தச் செவலை ராத்திரி வல்லதும் தின்னுதா?"

"தின்னுது."

"எனக்குன்னு இல்ல. வீட்டில பேரப்பிள்ளைய கேட்டு அழுதாவ. நான் ஏலத்தில எடுத்ததா கணக்கு இல்ல, சரியா? இது வேற."

"வேறதான்" என்னு சொன்னேன். அவன் போன பொறவு சதாசிவன் கடை திறக்குததுக்கு முன்ன வந்தான். அவன் கேட்டது வெள்ளைக்காலியை. "கடையில எலி கூடுதலாக்கும் அண்ணே" என்னான். நாய் எப்பம் எலி பிடிச்சது என்னு நான் கேக்கல்ல. பொறவு ஒருத்தி, பொறவு ஒருத்தன். சாணிக்குழிக்கு அந்த வாரம் வந்த கூட்டம் முன்வாசலுக்கு எனக்க கல்யாணத்துக்குக் கூட வரல்ல. சரசம்மாவும் வந்தா, அவ கொண்டு வச்ச குட்டியிலயே ஒண்ணைக் கேட்டு. "நீதானே வச்ச?" என்னேன். "அன்னைக்கு வச்சது காணிக்கை, இன்னைக்குக் கேக்குதது ஆசை" என்னு சொல்லுதா.

ஆனா ஜிஜா இருக்காளே, அவ விடுவாளா? ஆர்யாவையும் கூட்டிட்டு ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போனா. பொன்னையன் வீட்டில போய், நாய் எங்க படுக்கும், மழை எந்தப் பக்கம் அடிக்கும், வெளியூர் போனா ஆரு சோறு வைப்பா, எல்லாம் கேட்டாளாம். "எனக்க மகளைக் கெட்டிக் குடுக்கும்போ நான் மாப்பிள வீட்டில இதில பாதி கேக்கல்ல" என்னு பொன்னையன் எங்கிட்ட வந்து சொன்னான். "கேட்டிருக்கலாம்" என்னேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டான். ரெண்டு பேருக்கு ஜிஜா குடுக்க மாட்டேன் என்னும் சொல்லிட்டா. துட்டுப் போட்டவனுக்கு இல்ல என்னு எப்படிச் சொல்ல முடியும் என்னு எனக்கு இன்னும் விளங்கல்ல. ஆனா அவ சொன்னது சரியாத்தான் இருக்கும், அந்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

அந்த ரெண்டு நாய்க்கும் வேற வீடு கிட்டிச்சு. அப்படி எனக்க புரையிடம் ஒழிஞ்சுது. ஒருத்தன் மட்டும் கெடக்குதான், ஒத்தக்கண்ணு, வயசு எனக்கு ஒக்கும். அவனைக் கேட்டு ஒரு குடையும் வரல்ல. முதல் நாள் தெங்கில கெட்டினேன். பொறவு மழை பெய்துது, வீட்டுச் சாய்ப்புக்குக் கீழ மாத்தினேன். பொறவு இடி வெட்டிச்சு. இப்பம் எனக்க கட்டிலுக்கு அடியில படுக்குதான். இது ஏலமும் இல்ல, தத்தும் இல்ல. ஜிஜா வந்து எங்கிட்டயும் கையெழுத்து கேட்டா. பெருவிரல் வச்சேன்.

ஆகையால் அத்தான், இப்பம் கணக்கு என்ன? ஜீப்பில போனது ஒண்ணும் கோட்டுகாலுக்குத் திரும்பிப் போவல்ல. வயசும் தீனமும் உள்ள அந்தப் பத்து மட்டும்தான் அங்க நிக்குது. நீங்க சொன்ன சொல்லு பத்து. நேத்து ராத்திரி ஜாய் காரில வந்து எனக்க வீட்டில படுத்தான், இன்னைக்கு வெளுக்க கோட்டுகாலுக்கு எண்ணப் போயிருக்குதான். வந்ததும் இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே குடுத்துவிடுதேன். நிலம் உங்களுக்கு, முடிவும் உங்களுக்கு. ஆனா ஒரு காரியம் சொல்லுதேன். அந்தப் பத்துக்கும் எவன் வீட்டிலயும் பின்வாசல் திறக்காது. மூணு காலில நடக்குதது உண்டு, வயித்தில கட்டி உள்ளது உண்டு. லாறி வந்து நின்னா அதுக்கெல்லாம் போக்கிடம் றோடுதான், வந்த அதே றோடு. ஜிஜா உங்ககிட்ட கேக்க மாட்டா. அவ உங்க மகள், உங்களை மாதிரித்தான், வாய் திறந்து ஒண்ணு கேக்க மாட்டா. அதனால அவளுக்க மாமன் கேக்குதேன். அந்தக் குத்தியைப் பிடுங்கச் சொல்லி ஒரு வார்த்தை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அக்காள் முட்டுக்குத் தைலக் குழம்பு தேய்க்க மறக்க வேண்டாம். ஜாய் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்களைக் காக்கிறவர் உறங்காமல் காப்பாராக என்ற ஜெபத்துடனும், நான் மைக்கைப் பிடித்ததில் பிழை உண்டானால் பொறுக்க வேண்டும் என்ற விண்ணப்பத்துடனும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
ஈசாக்
(பெருவிரல்)

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டினதைத் திரும்பக் கிழிக்கச் சொன்னேன். ஜாய் இப்பம் வந்தான். மேல பத்து என்னு எழுதினதை எல்லாம் வெட்டணும் என்னேன், வெட்டினா அசிங்கமா இருக்கும் என்னு லிஷா சொல்லுதா, அதனால இஞ்ச எழுதுதேன். ஜாய் எண்ணினப்பம் பதினொண்ணு. நம்ம பக்கம் காணிக்கையா நாயும் எடுக்குதாவ என்னு கேள்விப்பட்டு, வேற சபைக்காரர் யாரோ வெளுக்க ஒரு குட்டியை, கழுத்தில சாமந்தி மாலையும் போட்டு, கோட்டுகால் கேட்டில கெட்டிட்டுப் போயிருக்குதாவ. ஜாய் அந்தத் தலையில இருந்து எண்ணினான், இந்தத் தலையில இருந்து எண்ணினான், அந்தக் குட்டி அவன் காலுக்குப் பொறத்தால நடந்து நடந்து எல்லா எண்ணத்திலயும் வந்து சேந்துது. அந்த நேரம் பாத்து நீங்க போன் போட்டு "எத்தனைலே?" என்னு கேட்டியளாம். அவன் தங்கச்சி முகத்தைப் பாத்தான். "பத்து, அப்பா" என்னு சொல்லிப்போட்டான். நீங்க "சரி, லாறி ஆளுக்கு வேண்டாம் என்னு விளிச்சுச் சொல்லுதேன், அந்தக் குத்தியைப் பிடுங்கிப் போடச் சொல்லு" என்னு சொன்னியளாம். ஜிஜா அங்கயே இருந்து அழுதாளாம், எங்கிட்ட வந்தப்பம் அழாதவ. ஆகையால் நான் மேல கேட்டதும் கெஞ்சினதும் ஒண்ணும் வேண்டியிருக்கல்ல, சேவல் காரியமும் வேண்டியிருக்கல்ல, அதுக்கு மன்னிக்கணும், லிஷா மையில எழுதிப்போட்டா. ஆனா ஜாய் ஒருநாளும் உங்ககிட்ட பொய் சொன்னவன் இல்ல, அவன் முகமெல்லாம் வெளுத்துப் போய் வந்து நிக்குதான். உங்க மகனை இந்த வயசில பொய்யனாக்க எனக்கு மனசில்ல, ஒரு வழி சொல்லிக் குடுத்தேன். அக்காள்கிட்ட போனில சம்மதமும் கேட்டாச்சு, அவ சாக்கு விரிச்சு வைக்குதாளாம். காரில முன் சீட்டில இந்தக் கடிதம் வருது. பின் சீட்டில மாலை போட்டு இருக்குததைப் பாத்து ஒண்ணும் நினைக்காதிய. இப்பம் கோட்டுகாலில் நிக்குதது பத்தேதான், அத்தான், நீங்க எப்பம் வேணும்னாலும் வந்து எண்ணலாம்.